நாளுக்கு 200 ரூபாய்

கடலூரில் ஒரு ஹார்டுவேர் கடை. பெயிண்ட், பைப், ஆணி, கீல், தாழ்ப்பாள், ஓரத்தில் சிமென்ட் மூட்டைகள். கடை கற்பனை, அதற்குப் பொருந்தும் விகிதங்களும் கட்டணங்களும் சட்டத்தில் உள்ளவை. ஆண்டு விற்பனை வரி நீங்கலாக 90 லட்சம் ரூபாய், கொள்முதல் 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சிமென்ட்டும் 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கிவிட்டதால், எல்லாச் சரக்குக்கும் 18 என்றே கணக்குப் போடலாம். வருமான வரிக் கணக்கு வரும் இடங்களில் 2025-26 நிதியாண்டையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடைக்கு வரி எவ்வளவு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த வரியை ஒழுங்காகக் கட்டிக் காகிதம் போட எவ்வளவு ஆகிறது, ஒரு வாரம் பிந்தினால் எவ்வளவு ஆகிறது என்ற பேரேட்டைத்தான் யாரும் விரிப்பதில்லை.

முதலில் தேதிகள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது திட்டமிட்டது மாதத்துக்கு மூன்று படிவங்கள்: ஜிஎஸ்டிஆர் 1, 2, 3. ஆண்டுக்கு 36, அதோடு ஆண்டறிக்கை ஒன்று, ஆக 37. இரண்டாவதும் மூன்றாவதும் நடைமுறையில் நிற்கவில்லை. இடைக்கால ஏற்பாடாக வந்த 3பி நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. இன்று மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஆண்டுக்கு 24. விற்பனை 5 கோடிக்குள் இருந்தால், 2021 ஜனவரியில் வந்த காலாண்டு முறைப்படி ஜிஎஸ்டிஆர்-1 நான்கு, 3பி நான்கு, இடைப்பட்ட மாதங்களுக்குப் பணம் கட்டும் சலான் எட்டு: மொத்தம் 16 தேதிகள். மாதா மாதம் வரி வரவு கேட்கும் ஒப்பந்தக்காரர்கள் வாடிக்கையாளராக இருந்தால், அவர்களுடைய பில்களை மட்டும் இடை மாதங்களில் ஏற்ற வேண்டும். அந்த எட்டையும் சேர்த்தால் மறுபடியும் 24. காலாண்டுச் சலுகை போன வழியே திரும்பி வந்துவிடுகிறது. விற்பனை 2 கோடிக்குள் என்பதால் ஆண்டறிக்கை போட வேண்டியதில்லை.

இதைக் கடைக்காரர் தானே செய்வதில்லை. ஆடிட்டர் செய்கிறார். பட்டயக் கணக்காளராக இருந்தாலும் வரி ஆலோசகராக இருந்தாலும் நம் ஊரில் எல்லாரும் ஆடிட்டர்தான். வாட்ஸ்அப்பில் பில் படங்கள் போகும், பத்தாம் தேதி வாக்கில் அந்த ஆபீஸிலிருந்து போன் வரும்: “அண்ணே, ரெண்டு பர்ச்சேஸ் பில் இன்னும் வரலையே.” இதற்கு மாதம் 1,500 என்று வைத்தால் ஆண்டுக்கு 18,000. கடையின் மொத்த லாபமான 10 லட்சத்தில் 1.8 சதவீதம். பத்து மடங்கு பெரிய கடைக்கு ஆடிட்டர் மாதம் 5,000 கேட்டாலும், அது 1 கோடி லாபத்தில் 0.6 சதவீதம். வரி விகிதம் இருவருக்கும் ஒன்று. வரிக் காகிதத்தின் விகிதம் சின்னவருக்கு மூன்று மடங்கு.

அப்படியானால் சின்னவர் ஏன் காம்போசிஷனுக்குப் போகக் கூடாது? ஒன்றரைக் கோடி வரை விற்பவர் விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். காலாண்டுக்கு ஒரு அறிக்கை, ஆண்டுக்கு ஒன்று, மொத்தம் ஐந்தே தேதிகள். கொள்முதலில் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவும் முடியாது. கணக்கைப் போட்டே பார்க்கலாம்.

வழக்கமான முறை: கொள்முதல் 80 லட்சம், அதன் மேல் வரி 14.40 லட்சம். விற்பனை 90 லட்சம், அதன் மேல் வரி 16.20 லட்சம். வித்தியாசம் 1.80 லட்சம் அரசுக்கு. வாடிக்கையாளர்கள் கொடுத்த மொத்தம் 106.20 லட்சம். கடைக்கு நிற்பது 10 லட்சம்.

காம்போசிஷன்: வாடிக்கையாளர் கொடுப்பது அதே 106.20 லட்சம். கொள்முதல் வரியோடு 94.40 லட்சம். ஒரு சதவீத வரி 1.062 லட்சம். கடைக்கு நிற்பது 10.738 லட்சம்.

ஆண்டுக்கு 73,800 ரூபாய் கூடுதல். ஆடிட்டர் கட்டணத்திலும் கொஞ்சம் குறையும். வீட்டுக்குப் பெயிண்ட் வாங்க வருபவர்களே வாடிக்கையாளர் என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் வியாபாரத்தில் கால் பங்கு ஒப்பந்தக்காரர்களுடையது என்றால், வரி வரவு கிடைக்காத பில்லை வாங்க அவர்கள் அடுத்த மாதம் வர மாட்டார்கள். கால் பங்கு லாபம் 2.5 லட்சம். 73,800-க்காக அதை விடுபவர் வியாபாரி ஆக முடியாது. காம்போசிஷன் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. பில் புத்தகத்தில் ஜிஎஸ்டி எண் எழுதி வாங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று, பாகூர். கடலூரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் புதுச்சேரி யூனியன் பிரதேசம் தொடங்கிவிடுகிறது. கடைக்காரர் சரக்கை வண்டியில் ஏற்றி பாகூரில் ஒரு வீட்டு வாசலில் இறக்கினால் அது மாநிலம் விட்டு மாநிலம் செய்த விற்பனை. காம்போசிஷன் கடைக்கு அதற்கு அனுமதியே இல்லை. பதிவே தேவைப்படாத சிறிய கடை என்றாலும் கதை அதுதான். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். ஆனால் எல்லை தாண்டிச் சரக்கு அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். புதுச்சேரியோ 2019-இல் அந்த 40 லட்சத்தை ஏற்காமல் 20 லட்சத்திலேயே நின்றுவிட்டது. ஆண்டுக்கு 35 லட்சம் விற்கும் இரண்டு ஆணிக் கடைகள். கடலூரில் இருப்பதற்கு ஒரு தேதியும் இல்லை, பாகூரில் இருப்பதற்குக் குறைந்தது ஐந்து.

இ-வே பில்லும் இப்படியே. தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால்தான் தேவை. மாநில எல்லை தாண்டினால் 50,000. வரி நீங்கலாக 60,000 ரூபாய்ச் சரக்கு நெல்லிக்குப்பம் போனால் இ-வே பில் வேண்டாம். அதே வண்டி பாகூர் போகும் வழியில் நிறுத்தப்பட்டால், வரி 10,800, அபராதம் அதைப்போல இரண்டு மடங்கு, 21,600. அந்தச் சரக்கில் கடைக்குக் கிடைக்கும் லாபம் சுமார் 6,670. மூன்று வண்டிச் சரக்கின் லாபம் ஒரே நிறுத்தத்தில் போய்விடும்.

இரண்டாவது பொறியைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் தாமதம்.

காலாண்டின் மூன்றாவது மாதத்துக்கு இன்னும் கட்ட வேண்டிய வரி 15,000 ரூபாய். காலாண்டு 3பி-க்குக் கெடு நம் மாநிலத்தில் அடுத்த மாதம் 22. பத்து நாள் பிந்திவிட்டது. ஆண்டுக்கு 18 சதவீத வட்டி: 74 ரூபாய். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 வீதம் 500 ரூபாய். இப்போது 15 லட்சம் கட்ட வேண்டிய ஒரு பெரிய ஆலையும் பத்து நாள் பிந்துகிறது. அதன் வட்டி 7,397. தாமதக் கட்டணம்? அதே 500. வட்டி பணத்தைப் பார்க்கிறது. கட்டணம் காலண்டரைப் பார்க்கிறது. சின்னவருக்குக் கட்டணம் வட்டியைப்போல ஏழு மடங்கு. பெரியவருக்கு வட்டியில் பதினைந்தில் ஒரு பங்கு.

ஜிஎஸ்டி மன்றத்துக்கு இதில் ஒரு பாராட்டு உண்டு. சட்டத்தில் முதலில் எழுதியிருந்தது மத்திய, மாநில வரிகளுக்கு நாளுக்கு நூறு நூறாக 200 ரூபாய், உச்சம் ஐயாயிரம் ஐயாயிரமாக 10,000. சில மாதங்களிலேயே நாளுக்கு 50 ஆக்கினார்கள். வரியே இல்லாத ‘நில்’ அறிக்கைக்கு 20. 2021 ஜூனிலிருந்து உச்ச வரம்பையும் விற்பனைக்கு ஏற்ப வெட்டினார்கள்: நில் என்றால் 500, விற்பனை ஒன்றரைக் கோடி வரை 2,000, ஐந்து கோடி வரை 5,000, அதற்கு மேல் 10,000. நம் கடைக்கு நாற்பதாவது நாளில் மீட்டர் நின்றுவிடும். கடையை மூடிவிட்டுப் பதிவை ரத்து செய்ய மறந்தவருக்குத்தான் இன்னும் வலி: மாதாந்திர முறையில் இருந்தால் வியாபாரமே இல்லாத ஓர் ஆண்டுக்கு 3பி கட்டணம் மட்டும் 6,000.

உண்மையில் கடைக்காரரைத் தூங்கவிடாதது தன் தாமதம் அல்ல, மற்றவருடையது. ஈரோட்டு மொத்த வியாபாரி ஒருவரிடம் 2 லட்சத்துக்குச் சரக்கு எடுத்து, 36,000 வரியையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் அந்தப் பில்லை ஏற்றவில்லை. ஏற்றினால்தான் அது நம் கடையின் 2பி பட்டியலில் தெரியும். தெரிந்தால்தான் கழிக்க முடியும். ஆக இந்த மாதம் 36,000-ஐ இன்னொரு முறை ரொக்கமாகக் கட்ட வேண்டும். பட்டியலைப் பார்க்காமல் கழித்து, அந்த அளவுக்கு ரொக்கம் குறைத்துக் கட்டியிருந்தால், மாதத்துக்கு 540 ரூபாய் வட்டி ஓடும். அவர் பில்லை ஏற்றிவிட்டுப் பணத்தைக் கட்டாமல் போனாலும் தப்ப முடியாது: அடுத்த செப்டம்பர் 30 வரை அவர் 3பி போடவில்லை என்றால் நவம்பர் 30-க்குள் நாம் எடுத்ததைத் திருப்ப வேண்டும். பிறகு அவர் எப்போதாவது போட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நாம் 180 நாளுக்குள் அவருக்குப் பணம் கொடுக்காவிட்டாலும் வரவு போகும். வாங்கியவர் தவறினாலும் வாங்கியவருக்கு நஷ்டம், விற்றவர் தவறினாலும் வாங்கியவருக்கு நஷ்டம். 36,000 என்பது இந்தக் கடையின் பதிமூன்று நாள் மொத்த லாபம். ஆடிட்டருக்குக் கொடுக்கும் 1,500-இல் உருப்படியான பகுதி இந்த 2பி ஒப்பீடுதான். அதைச் செய்யாமல் படிவத்தை மட்டும் அனுப்புகிறவருக்கு 500 கொடுத்தாலும் அதிகம்.

இனி வருமான வரி. விற்பனை 2 கோடிக்குள் என்பதால் 44ஏடி பிரிவின் உத்தேச லாபக் கணக்கு பொருந்தும்: ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி அல்லது யுபிஐ வழி வந்ததற்கு 6. பாதிக்குப் பாதி என்றால் 3.60 லட்சமும் 2.70 லட்சமும் சேர்ந்து 6.30 லட்சம் வருமானம். புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, மீதி 2.30 லட்சத்துக்கு 5 சதவீதம் 11,500. வருமானம் 12 லட்சத்துக்குள் என்பதால் அதுவும் தள்ளுபடி. வரி பூஜ்யம். பூஜ்யம் என்று அறிக்கை போட ஒரு நாள் பிந்தினால் கட்டணம் 5,000. வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் மட்டும் 1,000. அதற்கு மேல் படியே கிடையாது: 6 லட்சக்காரருக்கும் 5,000, ஆறு கோடிக்காரருக்கும் 5,000. 12 லட்சம் வரை வரியில்லை என்ற அறிவிப்பைக் கேட்டு, இனி ஒன்றும் போட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

இப்போது அந்த இரண்டாவது பொறி. ஓர் ஆண்டில் விற்பனை 1 கோடியைத் தாண்டினால், அடுத்த ஆண்டு முதல் தனி நபர் வியாபாரியும் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். டேன் எண், காலாண்டுக்கு ஓர் அறிக்கை, நான்கு புதிய தேதிகள். வழக்கமான முறையில் நம் கடை 90 லட்சத்தில் பத்திரமாக இருந்தது. காம்போசிஷனுக்குப் போனதும், வரியைத் தனியாகக் காட்ட முடியாததால், வாடிக்கையாளர் கொடுத்த 106.20 லட்சமும் விற்பனை ஆகிவிடுகிறது. அதே ஆணி, அதே பெயிண்ட், அதே வாடிக்கையாளர், கோட்டைத் தாண்டியாயிற்று. தேதிகளை ஐந்தாகக் குறைக்கப் போனவர் ஒன்பதோடு திரும்புகிறார்.

அந்த நான்கு தேதிகளின் விலை என்ன? மாடியில் கிடங்கு கட்டிய ஒப்பந்தக்காரருக்கு 1,20,000 கூலி. 1 சதவீதம் பிடித்தால் 1,200. அதைப் பிடித்து, ஒரு மாதம் பிந்திக் கட்டினால் வட்டி ஒன்றரை சதவீதம், 18 ரூபாய். ஆனால் அந்த 1,200-ஐப் பற்றிய காலாண்டு அறிக்கை பிந்தினால் நாளுக்கு 200 ரூபாய், பிடித்த வரித்தொகை உச்ச வரம்பு. ஆறு நாளில் 1,200 தொட்டுவிடும். பணம் பிந்தியதற்கு 18. பணத்தைப் பற்றிய காகிதம் ஆறு நாள் பிந்தியதற்கு 1,200. ஒரு கோடி ரூபாய் டிடிஎஸ் பிடிக்கும் கம்பெனி ஆறு நாள் பிந்தினாலும் அதே 1,200. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

வியாபாரமே செய்யாதவருக்கும் இந்த 200 வரும். 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்குகிறவர் 1 சதவீதம், 60,000 பிடித்து 26க்யூபி படிவத்தோடு கட்ட வேண்டும். ஒரே தவணையில் வாங்கி மறந்துவிட்டால், கட்டணம் 60,000-ஐத் தொட 300 நாள் ஆகும். அதற்குள் யாராவது நினைவூட்டிவிடுவார்கள். ஆனால் கட்டுமான நிலைக்கேற்பப் பத்துத் தவணையாகக் கொடுத்தால் ஒவ்வொரு தவணைக்கும் தனிப் படிவம், தனித்தனி 6,000, தனித்தனி 200. ஒவ்வொன்றும் முப்பதே நாளில் உச்சத்தைத் தொடும். பணத்தைச் சிறு சிறு பகுதியாகக் கொடுத்தவருக்கு அதே 60,000 அபராதம் பத்து மடங்கு வேகத்தில் சேர்கிறது.

ஓய்வூதியர்களுக்கு ஒரே ஒரு வரி. ஆண்டுக்கு 1,20,000 வங்கி வட்டி வந்தால், 1 லட்சத்தைத் தாண்டியதால் 12,000 பிடிப்பார்கள்; வரி வராதவர் 15எச் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். படிவத்துக்குச் செலவு இல்லை. பேன் எண்ணோடு ஆதாரை இணைக்காமல் விட்டு அது செயலிழந்திருந்தால் 15எச் செல்லாது, பிடித்தம் 24,000. இணைக்கக் கட்டணம் 1,000. கணக்கு அவ்வளவுதான்.

நேரடி வரிச் சட்டமும் மாறிவிட்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 819 பிரிவுகள் 536 ஆயின, 5.12 லட்சம் சொற்கள் 2.6 லட்சமாகச் சுருங்கின. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம். பாதிச் சொற்களை வெட்டியவர்கள் டிடிஎஸ் அறிக்கைக்கான நாளுக்கு 200 ரூபாயை மட்டும் பத்திரமாகப் புதிய சட்டத்துக்குள் எடுத்துவந்தார்கள். ஜிஎஸ்டியில் 2021-இல் செய்த படிக்கட்டை இங்கேயும் கட்டியிருக்கலாம். வரித் துறைக்கு அதனால் பெரிய நஷ்டம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசிப் பக்கம் அறக்கட்டளைக்கு. பேரேட்டில் மிக மோசமான வரி இதில்தான் இருக்கிறது.

ஊர் நூலகம் நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளை. 80ஜி அங்கீகாரம் உண்டு. ஆண்டில் பன்னிரண்டு பேர் ஆளுக்கு 2,500 வீதம் 30,000 நன்கொடை கொடுத்தார்கள். 80ஜி பெற்ற அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் பட்டியலை ஏற்ற வேண்டும். அடையாள எண், முகவரி, தொகை. அதன் பிறகே 10பிஇ சான்றிதழ். பிந்தினால் இங்கேயும் நாளுக்கு 200, உச்சம் நன்கொடைத் தொகை. செயலாளர் பள்ளி ஆசிரியர். கோடை விடுமுறையில் மறந்துவிட்டார். ஜூன் 30 அன்று கட்டணம் 6,000. அக்டோபர் 28 அன்று 150 நாள், 30,000. வாங்கிய நன்கொடை முழுவதும் தீர்ந்தது. இதற்கு மேல் 10,000-த்தில் தொடங்கி ஒரு லட்சம் வரை தனி அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

எதிர்ப் பக்கத்தில் என்ன இருக்கிறது? நன்கொடையில் பாதிக்கு வரிக் கழிவு: 30,000-க்கு 15,000. பன்னிரண்டு பேரும் பழைய வரி முறையில், 20 சதவீதப் படியில் இருந்தால், செஸ்ஸோடு அவர்களுக்கு மிஞ்சுவது மொத்தம் 3,120; தலைக்கு 260 ரூபாய். புதிய முறைக்குப் போய்விட்டவருக்கு 80ஜி கழிவே கிடையாது. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கும் கிடையாது. 3,120 ரூபாய்ச் சலுகையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் காகிதத்துக்கு 30,000 வரை ஆபத்து. தாமதமே இல்லாமல் ஆடிட்டரிடம் கொடுத்துப் போட்டால், அவர் 4,000 கேட்டாலே சலுகையை மிஞ்சிவிட்டது.

பெரிய அமைப்புகளுக்கு இது வேறு கணக்கு. ஆண்டுக்கு 30 லட்சம் நன்கொடை வாங்குகிறவருக்கு, அதே விகிதத்தில் நன்கொடையாளர்களின் சலுகை 3.12 லட்சம், 10பிடி போட ஆள் வைக்கக் கட்டும். ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே தெருவில் இருக்கும் நூலகத்துக்கு 80ஜி வேண்டுமா என்று நன்கொடையாளர்களையே கேட்டுவிடலாம். அவர்களில் எத்தனை பேர் இன்னும் பழைய முறையில் இருக்கிறார்கள் என்பதே விடை சொல்லிவிடும். அறக்கட்டளையின் சொந்த வருமானத்துக்கு விலக்குத் தரும் 12ஏ பதிவு தனி. 80ஜி இல்லாவிட்டாலும் அது நிற்கும். 80ஜி அங்கீகாரம் ஐந்தாண்டுக்குத்தான். முடிய ஆறு மாதத்துக்கு முன்பே 10ஏபி படிவம் போட்டால்தான் நீளும். இந்த ஆண்டு மே 31-ஐத் தவறவிடாமல் தாண்டிவிட்டு, புதுப்பிக்கும் தேதி வரும்போது அந்தப் படிவத்தைப் போடாமல் விடுவதும் ஒரு வழி.